நோ லோட், நோ லோஸ்

எஞ்சினியர்களில் சிவில் உண்டு, மெக்கானிக்கல் உண்டு, எலெக்றிக்கல் உண்டு. பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்காத இன்னொரு பிரிவும் உண்டு. அதற்கு இரவல் எஞ்சினியர் என்று பெயர். இவர் படித்தவர் அல்லர். படித்த ஒருவரோடு கூடப்பிறந்தவர். தகுதி அவ்வளவுதான். போதாதா? பட்டத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கூடப்பிறந்ததை யார் திருப்பி வாங்குவது?

ரொறன்ரோவின் சுவாத்தியம் இந்த இனத்துக்கு நன்றாக ஒத்துவந்திருக்கிறது. வந்து இறங்கிய கையோடு மூத்தவர் தொழிற்சாலைக்குப் போனார், இளையவர் படிக்கப் போனார். படிப்பு இளையவரின் தலைக்குள் இறங்க, அதன் கனம் எப்படியோ மூத்தவரின் கழுத்தில் ஏறி அதை நிமிர்த்திவிட்டது. பிறந்தநாள் மண்டபத்தில், கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில், தமிழ்க்கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டுக் காத்துநிற்கும் இடத்தில் இவரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். வீட்டு பல்ப் அடிக்கடி எரிந்துபோகிறதே என்று உங்கள் மனைவியிடம்தான் சொல்லியிருப்பீர்கள். பின்னால் ஒரு தொண்டை செருமும். பிறகு அந்த வசனம் வரும்.

"எங்கட கௌசி சொன்னவள்..."

அதோடு நீங்கள் பிடிபட்டீர்கள். மீன் வெட்டி முடிந்தாலும் போக முடியாது.

தியாகலிங்கம் இந்த வகையில் முதல் தரம். குடியிருப்பது பார்க்டேலில் ஓர் அப்பார்ட்மென்ற். வேலை ரெக்ஸ்டேலில், ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில், கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் நாடா வைப்பது. நாடா ஓர் இடத்தில் நெளிந்திருந்தாலும் முழுவதையும் கழற்றி மறுபடி வைப்பார். எதிலும் அந்தக் கச்சிதம். வீட்டிலுள்ள ஒவ்வொரு வயரிலும் வெள்ளை நாடா சுற்றி, அது எதனுடையது என்று முத்து முத்தான எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ரெலிவிஷன். வீடியோ. மேசை விளக்கு. இஸ்திரிப்பெட்டியின் வயரிலும் 'இஸ்திரிப்பெட்டி' என்று இருந்தது. வயரின் மறுநுனியில் இஸ்திரிப்பெட்டியே தொங்கிக்கொண்டிருப்பது அவருக்குப் போதிய ஆதாரமாகப் படவில்லை.

"இஞ்சேருங்கோ, என்ரை நெத்தியிலயும் ஒண்டு ஒட்டிவிடுங்கோ. மனிசி எண்டு," என்றாள் மனைவி ரதி.

"பிளக் இருக்கிற சாமானுக்குத்தான் ஒட்டுறது," என்றார் தியாகலிங்கம், அது பகிடி என்று தெரியாமல்.

கௌசி அவருடைய கடைசித் தங்கை. எலெக்றிக்கல் எஞ்சினியர். மின்கம்பி போகாத காட்டுப்பக்கத்து வீடுகளுக்குச் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் சேர்ந்திருந்தாள். அன்றிலிருந்து தியாகலிங்கம் சூரியனைத் தம் வீட்டு ஆளைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினார். "இவ்வளவு வெய்யிலையும் சும்மா றோட்டில கொட்டவிடுறம் பாருங்கோ," என்று பஸ் தரிப்பில் நிற்பவர்களிடம் குறைப்பட்டார். அவர்கள் நடந்தே போய்விடலாமா என்று யோசித்தார்கள்.

கௌசியின் அறிவு இவருக்கு வந்து சேர்ந்தது ரெலிபோன் வழியாக. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். முதலில் சாப்பிட்டாயா, பிறகு தொப்பி போட்டுக்கொண்டா வெளியில் போகிறாய், பிறகு விஞ்ஞானம். அப்படி ஒரு ஞாயிறு, மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் ரான்ஸ்போமர் என்ற பெட்டியைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள்.

"ரான்ஸ்போமரில ரெண்டு விதமான லோஸ் இருக்கண்ணா. ஒண்டு லோட் லோஸ். அது வேலை செய்யேக்கை போறது. மற்றது நோ-லோட் லோஸ்..."

ரதி தூளுக்கு மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்த புகைமணி அலறத் தொடங்கியது. தியாகலிங்கம் ஒரு கையில் ரெலிபோனோடு கதிரையில் ஏறி, மறுகையால் துவாயை வீசி வீசி, இருமி, தும்மி, அந்தச் சனியனை ஒருவாறு அடக்கியபோது கௌசி விளக்கத்தைச் சொல்லி முடித்திருந்தாள்.

"விளங்கினதோ அண்ணா?"

"விளங்காமல்? நோ லோட், நோ லோஸ்."

"ஓம், நோ-லோட் லோஸ்," என்றாள் அவள்.

ஒரே விஷயத்தைச் சொன்னோம் என்ற திருப்தியில் இருவரும் ரெலிபோனை வைத்தார்கள். கௌசி சொன்னது, சுமை எதுவும் இல்லாதபோதும் போய்க்கொண்டிருக்கும் இழப்பு. தியாகலிங்கம் கேட்டது, சுமை இல்லையென்றால் இழப்பும் இல்லை. நடுவில் கூடுதலாக நுழைந்தது ஒரேயொரு 'நோ'. ஒரு 'நோ'வில் என்ன வந்துவிடப்போகிறது என்கிறீர்களா? கலியாணம் பேசப் போனவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

அவருக்கு அந்த வசனம் மிகவும் பிடித்துப்போனது. சின்னதாக இருந்தது, சந்தத்தோடு இருந்தது, போதாக்குறைக்கு இங்கிலீஷிலும் இருந்தது. ஒரு விஷயம் உண்மையாக இருப்பதற்கு வேறு என்ன வேண்டும்? தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். பல்வைத்தியரிடம் வாயைத் திறந்தபடி சொன்னார். யாரும் மறுக்கவில்லை. இரவல் எஞ்சினியரை யாரும் மறுப்பதில்லை, மறுத்தால் விளக்குவார்.

யூனியன்வில்லில் குடியிருக்கும் அருள்நாயகம் இவரிடம் அகப்பட்டது, ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டு மண்டபத்தில். அருள்நாயகம் காப்புறுதி முகவர், கைராசிக்காரர். வடக்கே ஓர் ஏரிக்கரையில், விடுமுறைக்குப் போய்த் தங்க ஒரு கொட்டேஜ் வாங்கியிருந்தார். ஏரி இருந்தது, மரம் இருந்தது, மின்சாரம் இல்லை. இந்த நாட்டில் மின்சாரத்துக்கு ஹைட்ரோ என்று பெயர் அல்லவா?

"ஹைட்ரோக்காரன் இப்போதைக்கு ஏலாது எண்டிட்டான் தியாகு. கம்பம் நடுறதெண்டால் பாறையை உடைக்க வேணுமாம்."

"ஏனண்ணை உங்களுக்கு ஹைட்ரோ? எங்கட கௌசி இருக்கிறாளல்லோ!"

வேலை கௌசியின் கம்பனிக்குக் கிடைத்தது. கம்பனியை நடத்தும் கிறிஸ்ரினா என்ற வெள்ளைக்காரப் பெண்மணி அதைக் கௌசியின் கையிலேயே தனியாகக் கொடுத்தார். கௌசி இன்னும் வேலையில் நிரந்தரமாக்கப்படாதவள். தானே கணக்குப் போட்டு, தானே நின்று பொருத்திப் பூட்டுவிக்கும் முதல் வேலை இது. கொட்டேஜில் முதன்முதல் குடிபுகும் குடிபூரலுக்குக் கிறிஸ்ரினா நேரில் வந்து பார்ப்பார். எல்லாம் ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டிவரும் என்று கிறிஸ்ரினா சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். கனடாவில் உட்கார்ந்து பேசுவது என்றால் ஒருவர் எழும்பிப் போவது என்று தியாகலிங்கத்துக்கும் தெரியும்.

"அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். அங்கை ஒண்டிலயும் கை வைச்சிடாதேங்கோ."

"நான் ஏன் கை வைக்கிறன்? சும்மா பக்கத்தில நிக்கிறன்."

கௌசி அருள்நாயகம் வீட்டுக்குப் போய், கொட்டேஜில் என்னென்ன ஓடப்போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். விளக்குகள், தண்ணீர்ப் பம்ப், சின்ன ரெலிவிஷன். வேறு மின்சாரச் சாமான்? வேறு இல்லை என்றார் அருள்நாயகத்தின் மனைவி. பொய் சொல்லவில்லை. கிரைண்டர் மின்சாரச் சாமான் என்று அவருக்கு ஒருபோதும் தோன்றியதில்லை; அது சமையற் சாமான்.

கூரையில் சூரியத் தகடுகள் ஏறின. பின்னறையில் பற்றரிகள் வரிசையாக இருந்தன. பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றிக்கொடுக்கும் இன்வேட்டரைக் கௌசி பார்த்துப் பார்த்துத் தெரிந்தெடுத்திருந்தாள். அதில் ஒரு கெட்டித்தனம் இருந்தது. வீட்டில் எதுவும் ஓடாதபோது அது நித்திரை கொள்ளும். இடைக்கிடை கண்ணைத் திறந்து, 'ஆராவது நிக்கிறியளோ?' என்று வயர் வழியாக ஒரு சின்னத் துடிப்பை அனுப்பிக் கேட்கும். பதில் வராவிட்டால் திரும்பவும் படுத்துவிடும். பற்றரி மிச்சம். சூரியன் அபூர்வமாகத் தலைகாட்டும் இலையுதிர் காலத்தில் அந்த மிச்சம்தான் வீட்டின் உயிர்.

குடிபூரலுக்கு முந்தைய வார இறுதியில் அருள்நாயகம் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார். தியாகலிங்கமும் தொற்றிக்கொண்டார், பக்கத்தில் நிற்பதற்காக. சாமான்களுக்குள் உளுந்தரைக்கும் கிரைண்டரும் இருந்தது. கொழும்பிலும் சென்னையிலும் நாம் வாங்கிவந்த கிரைண்டர்கள் இருநூற்று முப்பது வோல்ற் கேட்பவை. கனடாவின் சுவர்த்துளையோ அதில் பாதியைத்தான் தரும். நடுவில் நின்று அதை இரட்டிப்பாக்க ஒரு ரான்ஸ்போமர் வேண்டும். தூக்கினால் இடுப்பில் பிடிக்கும் இரும்புப் பெட்டி அது. பார்க்டேலில் பாதிச் சனம் அதைத் தியாகலிங்கத்திடம்தான் இரவல் வாங்கும். பெட்டியைக் கொடுக்கும்போது கூடவே அவரும் போவார்.

கௌசியிடம் கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. கை வைக்கவில்லை, பிளக்கைத்தான் வைத்தார். கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. "பாத்தீங்களோ, எங்கட கௌசியின்ரை மின்சாரம்!" என்றார். கிரைண்டரை நிறுத்தினார்கள். கதவைப் பூட்டப் போகும்போது அருள்நாயகத்தின் காதில் ஒரு சத்தம் பட்டது.

"தியாகு, உந்தப் பெட்டி இரையுது. கழட்டிப்போட்டுப் போவமே?"

"விடுங்கோ அண்ணை. கழட்டிக் கழட்டிக் கொழுவினால் பிளக் பழுதாப்போம். இப்ப கிரைண்டர் நிண்டிட்டுது. லோட் இல்லை. லோட் இல்லாட்டில் லோஸும் இல்லை. எங்கட கௌசி சொன்னவள்."

"அப்ப ஏன் இரையுது?"

மனித குலம் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. தியாகலிங்கம் ஒரு விநாடி பெட்டியைப் பார்த்தார். பெட்டி அவரைப் பார்த்து இரைந்தது.

"அது சும்மா இரையுது," என்றார். சொன்னதோடு நிற்கவில்லை. சட்டைப் பையிலிருந்த வெள்ளை நாடாவை எடுத்துப் பிளக்கில் சுற்றி, முத்து முத்தான எழுத்தில் 'கழற்றக் கூடாது' என்று எழுதினார்.

பிறகு அந்த வாரம் முழுவதும் அந்த ஆளில்லா வீட்டில் ஒரு சம்பாஷணை நடந்தது. இன்வேட்டர் கண்ணை மூடப் பார்க்கும். மூடுமுன், 'ஆராவது நிக்கிறியளோ?' என்று கேட்கும். 'ஓம், நான் நிக்கிறன்,' என்று பெட்டி சொல்லும். என்ன வேலை என்று இன்வேட்டர் கேட்கவில்லை. அந்த வசதி அதில் இல்லை. நிற்பவருக்குப் பரிமாறியபடி இருந்தது. வெளியே மழை தூறியது. சூரியன், தியாகலிங்கம் வீட்டு ஆள், அந்தப் பக்கமே வரவில்லை.

குடிபூரல் அன்று சனம் வான்களில் வந்து இறங்கியது. நனைத்த உளுந்து வாளியில் வந்தது. தூரப் பயணம் வந்த குழந்தைகள் கழிவறைக்கு ஓடினார்கள். ஓடியவர்கள் திரும்பி வந்து, "வோட்டர் வருதில்லை அம்மா," என்றார்கள். அருள்நாயகம் விளக்கைப் போட்டார். எரியவில்லை. இன்னொன்றைப் போட்டார். ரப்பர்ச் சப்பாத்தோடு கிறிஸ்ரினா வாசலில் வந்து நின்றது அந்த நேரம்தான்.

கௌசி பின்னறைக்கு ஓடினாள். பற்றரிகள் வற்றிக் கிடந்தன. தன் கணக்கைத் தலைக்குள் ஒருமுறை போட்டாள், இன்னொருமுறை போட்டாள். கிறிஸ்ரினா பின்னால் வந்து, வற்றிய பற்றரிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அந்த எண்ணிக்கை கௌசியின் காதுகளைச் சிவக்கவைத்தது.

கூடத்தில் சனம் சொன்னது.

"சோலர் எண்டால் உப்பிடித்தான்."

"அனுபவம் காணாது போல. சின்னப் பிள்ளையள்தானே."

"பொம்பிளைப் பிள்ளையிட்டை உதைக் குடுத்ததே பிழை."

கடைசியாகச் சொன்னவரைத் தியாகலிங்கம் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறந்தார். அதற்குள் கௌசி குசினிக்குள்ளிருந்து அவரைக் கூப்பிட்டாள். கிரைண்டருக்குப் பின்னால் குனிந்து நின்றாள். பெட்டி இப்போது சத்தமில்லாமல் இருந்தது.

"அண்ணா, இதைக் கொழுவினது ஆர்?"

"கிரைண்டர் ஓடேல்லையே கௌசி. லோட் இல்லையே."

"நோ-லோட் லோஸ் எண்டு அண்டைக்குச் சொன்னனானல்லோ!"

"அதைத்தான் நானும் சொல்லுறன். நோ லோட், நோ லோஸ்."

கௌசி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதில எத்தினை நோ, அண்ணா?"

தியாகலிங்கம் விரல் மடக்கினார்.

"ஒண்டுதான் அண்ணா. ஒரேயொரு நோ. ஒரு வேலையும் செய்யாமல், கொழுவிக்கொண்டு நிண்டதுக்காக மட்டும் தின்னுற மின்சாரம். கேட்டால் இரைச்சலும் சூடும்தான் மிச்சம். அதுக்குத்தான் நோ-லோட் லோஸ் எண்டு பேர்."

ஒரு வேலையும் செய்யாமல். கொழுவிக்கொண்டு நின்று. இரைந்துகொண்டு. இந்த ஆளைத் தமக்கு எங்கேயோ தெரியும்போலத் தியாகலிங்கத்துக்கு இருந்தது. தினமும் காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிற முகம்.

அதற்குள் அருள்நாயகம் உள்ளே வந்தார். பின்னால் கிறிஸ்ரினா, அவருக்குப் பின்னால் சனம். அருள்நாயகம் விருந்தாளிகள் முன்னால் வெட்கப்பட்டுப்போன மனிதர்; குரல் உயர்ந்துதான் வந்தது.

"நான் அண்டைக்கே கழட்டுவம் எண்டனான் பிள்ளை. நீர்தானாம் சொன்னனீர், கொழுவி இருந்தாலும் ஒண்டும் போகாதெண்டு. தியாகு சொன்னவர். அப்ப பிழை ஆற்றை?"

எல்லாருடைய கண்ணும் கௌசியில் போய் நின்றது. அவர் என்ன சொல்கிறார் என்று கிறிஸ்ரினா இங்கிலீஷில் கேட்டார். கௌசிக்கு இரண்டு பக்கமும் அடி. உண்மையைச் சொன்னால் இத்தனை பேருக்கு நடுவில் அண்ணனைக் காட்டிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும். அவள் பேசாமல் பிளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தியாகலிங்கமும் பேசாமல் நின்றிருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை. வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு கூட்டம் விஞ்ஞான விளக்கத்துக்காகத் தவித்து நிற்க, அவருக்கோ சொல்ல மனம் வரவில்லை. அடுத்த வாரம் பிறந்தநாள் மண்டபத்தில் யார் அவர் சொல்வதைக் கேட்கப்போகிறார்கள்? ஒன்று போகத்தான் வேண்டும்: கௌசியின் வேலை, அல்லது அவருடைய வேலை. அவருக்கென்று இருந்த ஒரே உத்தியோகம்.

தொண்டையைச் செருமினார்.

"எங்கட கௌசி..." பழக்கதோஷத்தில் வாய் தானாகத் தொடங்கிவிட்டது. சனம் அடுத்த சொல்லைச் சேர்ந்து சொல்லத் தயாரானது. "எங்கட கௌசி சொல்லேல்லை. அவள் சொன்னது வேறை. பிழையாக் கேட்டதும் நான், பிழையாச் சொன்னதும் நான், கொழுவினதும் நான்தான். அவளின்ரை கணக்கில ஒரு பிழையும் இல்லை."

பிறகு கிறிஸ்ரினாவின் பக்கம் திரும்பி, ரெக்ஸ்டேல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் ஒருநாளும் சொல்லத் தேவைப்படாத வசனத்தைச் சொன்னார்: "மை மிஸ்ரேக். நொற் ஹேர்."

கிறிஸ்ரினா அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், நாடாவில் இருந்த விளங்காத எழுத்தைப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். கௌசி மொழிபெயர்த்தாள். கிறிஸ்ரினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கௌசியிடம் நெடுநேரம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்றார் தியாகலிங்கம், தீர்ப்புக் கேட்பவரைப்போல.

"ஒவ்வொரு கொட்டேஜிலயும் உங்களைப்போல ஒராள் இருக்கிறாராம். சாமானை மட்டும் கேட்டுக் கணக்குப் போட்டது என்ரை பிழையாம். இனி ஆளையும் சேர்த்துக் கணக்குப் போடட்டாம்." கௌசியின் குரலில் அழுகை பாதி, சிரிப்பு பாதி. "உட்கார்ந்து பேசிறதெல்லாம் இல்லையாம். திங்கட்கிழமை வந்து கையெழுத்து வைக்கட்டாம்."

கிறிஸ்ரினாவின் லொறியில் பெற்றோல் ஜெனரேற்றர் ஒன்று இருந்தது. அது பற்றரிக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்தது, பம்ப் ஓடியது, குழந்தைகளுக்கு முகம் மலர்ந்தது. பொம்பிளைப் பிள்ளை என்று சொன்னவர்தான் கழிவறைக்கு முதலில் போனார். உளுந்து மட்டும் வாளியோடு யூனியன்வில்லுக்குத் திரும்பியது. அருள்நாயகம் வடை இல்லாமலே குடிபூந்தார்.

அந்தக் கம்பனியில் இப்போது எந்த வீட்டுக்குக் கணக்குப் போட்டாலும், விளக்கு, பம்ப் எல்லாம் கூட்டி முடிந்தபிறகு கடைசியில் கொஞ்சம் சேர்ப்பார்களாம். வேலை ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நிற்பவர் எதையாவது கொழுவிவிட்டுப் போவதற்கான ஒதுக்கீடு. அதற்கு அவர்கள் 'பிறதர் லோஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். கௌசி வீட்டில் அதை 'அண்ணன் லோஸ்' என்கிறாள்.

தியாகலிங்கம் வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? மூன்று கிழமை ஒதுங்கியிருந்தார். நாலாவது கிழமை ஒரு மண்டபத்தில், றோல்ஸ் தட்டோடு நின்ற ஒருவரின் முழங்கையைப் பிடித்தார்.

"கனடாக்காரன்ரை எஞ்சினியரிங் கணக்கில எங்கட குடும்பத்துக்கெண்டு ஒரு இடம் ஒதுக்கியிருக்கு, தெரியுமோ?"

"சும்மா நிண்டதுக்கு," என்றாள் ரதி.

"சும்மா நிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கு. அதை முதல்முதல் அளந்தது எங்களை வைச்சுத்தான்."

இனி உங்களிடம் வருவோம். நோ-லோட் லோஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு இன்று காலைவரை தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை; தெரிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினேன், அதுவும் சத்தமுள்ள இடத்தில். ஆனால் இப்போது உங்களுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். பாதி வாசித்துக்கொண்டிருக்கும்போதே, இதை யாருக்கு விளக்கலாம் என்று நிமிர்ந்து அறையை ஒருமுறை பார்த்தீர்களே, அதை நான் கவனித்தேன்.

சொல்லுங்கள், சொல்லுங்கள். பாவம், உங்கள் பக்கத்தில் இருப்பவர் இன்னும் எழும்பிப் போகவில்லை.